விஷ டப்பாவில் தமிழ் இருக்கு, வைஃபை டப்பாவில் ஏன் இல்லை?

கடலைக்குக் களையெடுத்து மண் அணைச்சு முடிய இத்தனை நாள் ஆயிருச்சு. அதான் பதினஞ்சு நாளா இந்தப் பக்கம் ஒண்ணும் எழுதலை. இன்னைக்கு எழுதப்போறது விவசாயம் இல்லை. ஆனா விவசாயிக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு யாராச்சும் சொன்னா, கடைசி வரைக்கும் படிச்சுட்டுச் சொல்லுங்க.

போன வாரம் ஆலங்குடியில ஒரு காதுகுத்து. சென்னையில கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை பாக்குற எங்க பங்காளி மகன் வந்திருந்தான். நல்ல பையன், மரியாதை தெரிஞ்சவன். சாப்பிட்டுட்டு வெத்தலை போடும்போது பேச்சுவாக்குல கேட்டான். "சித்தப்பா, அந்தப் பழைய லேப்டாப்பை வச்சுக்கிட்டு இன்னுமா மல்லுக்கட்டுறீங்க? ஊர்ல இருக்குற உங்களுக்கு எதுக்கு லேப்டாப்பு? போன் போதாதா?"

பந்தியில சண்டை போடக்கூடாதுன்னு சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா அந்த "போதாதா" இன்னும் தொண்டையில நிக்குது. இந்தக் கேள்வியை அவன் மட்டும் கேக்கலை, நகரத்துல இருந்து இதைப் படிக்கிற உங்கள்ல பாதிப்பேர் மனசுலயும் அது இருக்கும். அதனால பதிலை இங்கயே எழுதிடுறேன்.

முதல்ல அந்த லேப்டாப் கதை. என் மக அரசுப் பள்ளியில பன்னெண்டாவது படிச்சப்ப கொடுத்த விலையில்லா மடிக்கணினி அது. 2011ல ஆரம்பிச்ச திட்டம். விண்டோஸும் இருந்துச்சு, சி-டாக் நிறுவனம் உருவாக்குன பாஸ் லினக்ஸும் இருந்துச்சு. மக கட்டிக்கொடுத்துப் போன பிறகு பொட்டி என் கைக்கு வந்துச்சு. பேட்டரி செத்துப்போச்சு, கரண்டுல சொருகியே வச்சிருக்கணும். ஆனா ஓடுது. இந்தப் பக்கத்துல நீங்க படிக்கிற எல்லாமே அதுல ரெண்டு விரலால தட்டுனதுதான்.

இலவச லேப்டாப்பை வித்துத் தின்னுட்டாங்க, படம் பாத்தே கெட்டுப்போனாங்கன்னு பேசுறவங்களுக்கு ஒரு வார்த்தை. வித்தவங்க எங்க ஊர்லயும் இருக்காங்க, பொய் சொல்லலை. ஆனா வித்ததுல பாதி, சின்னக் கோளாறு வந்து அதைச் சரிபண்ணத் தெரியாம வித்தது. வீல் தேஞ்ச வண்டியை இரும்புக்கடையில போடுற மாதிரி. எந்தக் கோளாறுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஆடி மாசம். சின்னவனுக்குப் பொறியியல் கலந்தாய்வு. 2018ல இருந்து இது ஆன்லைன் ஆயிருச்சு. அதுக்கு முன்னாடியெல்லாம் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு ராத்திரி பஸ் ஏறி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போய் நிப்பாங்க. இப்ப வீட்டுல இருந்தே பண்ணலாம்னு சொன்னாங்க. நல்ல விஷயம்தான். நானூறுக்கும் மேல கல்லூரி, ஒவ்வொண்ணுக்கும் ஒரு நம்பர், ஒவ்வொண்ணுலயும் ஏழெட்டுப் பிரிவு. எது முன்னாடி, எது பின்னாடின்னு வரிசைப்படுத்திப் பதியணும். அதுக்கு மூணு நாள் அவகாசம். இதைப் போன்ல பண்ணிப் பாருங்க. நாலு விரக்கடை கண்ணாடியில எண்பது வரியை மேல கீழ நகர்த்தி வரிசைப்படுத்துறது, நெல்லுல கல்லு பொறுக்குற மாதிரி. பேச, பாக்க, பணம் அனுப்ப போன் போதும் தம்பி. ஒரு பிள்ளையோட நாலு வருஷத்தை வரிசைப்படுத்த அது போதாது.

பிரவுசிங் சென்டருக்குப் போகலாமேன்னு கேப்பீங்க. எங்க தெருவுல ஒரு பொண்ணுக்கு அப்படித்தான் பண்ணாங்க. வாசல்ல முப்பது பேர் வரிசை. உள்ள இருந்தவர் அவசரத்துல ஒரே மாதிரிப் பேருள்ள வேற கல்லூரி நம்பரை மேல போட்டுட்டாரு. பக்கத்துல நின்ன அப்பனுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, பொண்ணுக்குக் கேக்கப் பயம். கிடைச்சது முன்னூறு கிலோமீட்டர் தள்ளி. ஹாஸ்டல் காசு கட்டமுடியாம பொண்ணு இப்ப பக்கத்துல வேற ஏதோ படிக்குது. அதைப் பாத்த பிறகு, என் மகன் வரிசையை என் வீட்டுத் திண்ணையில வச்சு அவனே போடட்டும்னு முடிவு பண்ணேன்.

எதிர்வீடு எங்க அண்ணன் வீடு. கேபிள்காரர் கொடுத்த ஃபைபர் இணைப்பு அங்க இருக்கு. பாஸ்வேர்டு கொடுத்திருந்தாரு. ஆனா லேப்டாப் உள்ள இருக்குற வைஃபை செத்துப்போச்சு. அதைக் கழட்டி மாத்துறதைவிட வெளியில ஒரு டாங்கிள் சொருகிக்கிறது சுலபம்னு சொன்னாங்க. கட்டைவிரல் நகம் அளவு சாமான், யூ.எஸ்.பி. ஓட்டையில குத்துறது. முதல் நாள் காலையில புதுக்கோட்டைக்கு பஸ் ஏறி, கீழராஜவீதிப் பக்கம் ஒரு கடையில 450 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். டப்பா மேல இங்கிலீஷ்ல, சொருகுனா வேலை செய்யும்னு போட்டிருந்துச்சு. மகன்தான் படிச்சுச் சொன்னான்.

சொருகுனோம். வேலை செய்யலை.

டப்பாக்குள்ள உள்ளங்கை அளவு ஒரு சிடி. லேப்டாப்ல சிடி போடுற இடம் கஜா புயலுக்கு முன்னாடியே வாயை மூடுனது, இன்னும் திறக்கலை. ஒரு துண்டுச்சீட்டு இருந்துச்சு. இங்கிலீஷும் சீன எழுத்தும் இன்னும் ரெண்டு மூணு பாஷையும். சிடி இல்லாட்டி இந்த இணையதளத்துக்குப் போய் டிரைவரை இறக்கிக்கோன்னு அதுல இருந்துச்சாம். கவனிங்க. நெட் வர்றதுக்குத்தான் இந்தச் சாமானையே வாங்குனேன். சாமான் வேலை செய்ய நெட்டுக்குப் போன்னு சொல்லுது. கிணத்துல தண்ணி எடுக்க வாளி கேட்டா, வாளி கிணத்துக்குள்ள இருக்கு, எடுத்துக்கோங்கிற கதை.

மகனைத் திட்டினேன். பன்னெண்டாவது படிச்சிருக்கே, இது தெரியாதான்னு. அது என் தப்பு. அவன் படிச்ச எந்தப் புத்தகத்துல இது இருந்துச்சு? ரெண்டாவது நாள் கடைக்குத் திரும்பப் போனேன். "லேப்டாப் பழசுண்ணே, புதுசு ஒண்ணு வாங்குங்க"ன்னாரு கடைக்காரர். 450 ரூபாய்க் கோளாறுக்கு முப்பதாயிரம் ரூபாய் வைத்தியம். இந்த வார்த்தையை நம்பித்தான் எத்தனையோ வீட்டுல நல்ல லேப்டாப் பரண் ஏறிக் கிடக்கு.

அன்னைக்குச் சாயங்காலம் தீர்த்து வச்சது யார் தெரியுமா? கொத்து வேலைக்குப் போற ஒரு பையன். எங்க ஊர் பள்ளிக்கூடத்துல படிச்சு அதே மாதிரி லேப்டாப் வாங்குனவன். தானே நோண்டி நோண்டிக் கத்துக்கிட்டவன். சிமெண்டுக் கையைக் கழுவிட்டு வந்து உக்காந்தான். அவன் செஞ்சதை வரிசையா எழுதுறேன். உங்க ஊர்ல யாருக்காவது உதவும்.

முதல்ல மகனோட போனை சார்ஜர் வயர்ல லேப்டாப்போட கோத்தான். போன் செட்டிங்ல ஹாட்ஸ்பாட் பக்கத்துலயே யூ.எஸ்.பி. டெதரிங்னு ஒண்ணு இருக்கு. அதைத் திறந்துவிட்டான். போனோட நெட்டு வயர் வழியா லேப்டாப்புக்கு வந்துருச்சு. டாங்கிளும் வேணாம், டிரைவரும் தேட வேணாம். இந்த ஒரு விஷயத்தை அந்தத் துண்டுச்சீட்டுல ஒத்தை வரியில போட்டிருந்தா எனக்கு ரெண்டு நாள் மிச்சம்.

அப்புறம் டிவைஸ் மேனேஜரைத் திறந்தான். மஞ்சள் ஆச்சரியக்குறியோட ஒண்ணு நின்னுச்சு. அதான் நம்ம டாங்கிள். அதைத் திறந்து பிராப்பர்ட்டீஸ், டீடெயில்ஸ், ஹார்டுவேர் ஐடின்னு போனா நாலு நாலு எழுத்தா ரெண்டு குறி இருக்கு. முதல் நாலு கம்பெனி, அடுத்த நாலு சாமான். "பெரியப்பா, டப்பா மேல இருக்குற பேரை நம்பாதீங்க. உள்ள இருக்குற சில்லு என்னன்னு இந்த நம்பர்தான் சொல்லும்"னான். ஒரே பேர், ஒரே மாடல் நம்பர், ஆனா முதல் பதிப்புல ஒரு கம்பெனி சில்லு, ரெண்டாவது பதிப்புல வேற கம்பெனி சில்லுன்னு விக்கிறது இந்தத் தொழில்ல சர்வ சாதாரணமாம். சில சில்லுக்கு லினக்ஸ்லயே டிரைவர் கூட இருக்கும், குத்துனா ஓடும். சிலதுக்கு இருக்காது. விண்டோஸ்லயும் 7க்கு ஒண்ணு, 10க்கு ஒண்ணு, 32 பிட்டுக்கு ஒண்ணு, 64 பிட்டுக்கு ஒண்ணு. அந்த நம்பரைத் தேடி, சரியான டிரைவரை இறக்கிப் போட்டான். மஞ்சக்குறி போயிருச்சு.

அப்பவும் அண்ணன் வீட்டு வைஃபை சரியாத் தெரியலை. அவர் பொட்டி ரெண்டு பேரை ஒளிபரப்புது, ஒண்ணு கடைசியில 5ஜின்னு முடியும். இந்த வைஃபை 5ஜி வேற, செல்போன் 5ஜி வேற. வைஃபையில அது 5 கிகாஹெர்ட்ஸ் அலைன்னு மட்டும்தான் அர்த்தம். விலை குறைஞ்ச டாங்கிள்ல பலதும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத்தான் பாக்கும். போன் ஹாட்ஸ்பாட்டும் 5ல இருந்தா இதுக்குக் கண்ணு தெரியாது, 2.4க்கு மாத்தணும். அண்ணன் வீட்டு இன்னொரு பேர் தெரிஞ்சுச்சு, ஆனா ஒத்தைக் கோடு. நடுவுல எங்க மாட்டுக்கொட்டகை, தகரம் போட்டது. தகரம் அலையை மறிச்சிரும். பத்தடி யூ.எஸ்.பி. எக்ஸ்டென்ஷன் வயர் ஒண்ணு வாங்கி, டாங்கிளை அது நுனியில மாட்டி, கொட்டகையைத் தாண்டித் தெரியுற கிழக்கு ஜன்னல்ல தொங்கவிட்டான். வயர் ரொம்ப நீளம் போகக்கூடாது, 16 அடி வரைக்கும்தான் கணக்கு. கோடு நாலும் நிறைஞ்சுச்சு. தூக்கணாங்குருவிக் கூடு மாதிரி இன்னைக்கும் அங்கதான் தொங்குது.

மூணாவது நாள் நானும் மகனும் உக்காந்து எண்பத்தி ரெண்டு வரி போட்டோம். ஒவ்வொரு கல்லூரியும் நம்ம ஊர்ல இருந்து எவ்வளவு தூரம், பஸ் இருக்கான்னு நான் சொல்லச் சொல்ல அவன் வரிசைப்படுத்தினான். சாயங்காலம் பூட்டினோம். வீட்டுல இருந்து பஸ்ல போய்வர்ற தூரத்துல கிடைச்சுச்சு. இப்ப படிக்கிறான்.

இதுல என்ன நியாயம் கேக்குறேன்னு சொல்றேன்.

நான் விதை வாங்குனா, சான்று விதையா இருந்தா நீல அட்டை தொங்கும். ரகம் என்ன, முளைப்புத்திறன் எத்தனை சதவீதம், எந்தத் தேதியில சோதிச்சாங்க, எல்லாம் இருக்கும். 1966ல வந்த விதைச் சட்டம் அது. டி.ஏ.பி. மூட்டையில 18:46ன்னு போட்டிருக்கும். 1985ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு ஆணை அப்படிப் போடச் சொல்லுது. பூச்சிமருந்து டப்பாவுல சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு முக்கோணம் இருக்கும், எது எவ்வளவு விஷம்னு படிக்கத் தெரியாதவனுக்கும் தெரியும். உள்ள மடிச்சு வச்ச தாள்ல தமிழும் இருக்கும். வட்டார மொழியில இருக்கணும்னு 1971ஆம் வருஷத்து விதியே இருக்கு. விஷம் விக்கிறவன்கூட எனக்குப் புரியுற பாஷையில சொல்லிட்டு விக்கணும்.

இந்த டாங்கிளுக்கு என்ன சட்டம்? பொட்டலம் கட்டி விக்கிற பொருளுக்கு 2011ல ஒரு விதி போட்டாங்க. விலை, இறக்குமதி பண்ணவர் விலாசம் இதெல்லாம் டப்பா மேல இருக்கணும். எந்தப் பாஷையில? இந்தி, இல்லாட்டி இங்கிலீஷ். தமிழ் வேணும்னா கூடப் போட்டுக்கலாம், போடாட்டி ஒண்ணும் குத்தமில்லை. இது அலைவரிசைச் சாமான், அதனால அலை சரியான அளவுல இருக்கான்னு பாத்து ஒப்புதல் கொடுக்க டெல்லியில ஒரு துறையே இருக்கு. வாங்குறவனுக்குப் புரியுதான்னு பாக்க ஒரு துறையும் இல்லை.

இதுல ஒரு வேடிக்கை என்னன்னா, அந்த 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உரிமம் இல்லாம யார் வேணா பயன்படுத்தலாம்னு 2005லயே அரசாங்கம் திறந்துவிட்டுருச்சு. ஊர்க் கண்மாய் மாதிரி அது எல்லாருக்கும் பொது. தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் கண்ணாடி இழை கொண்டுவர்றதுக்குன்னு தனி நிறுவனமே வச்சிருக்காங்க. சரி, வரட்டும். இழை ஊராட்சிக் கட்டடம் வரைக்கும் வரும். அங்க இருந்து ஒருத்தன் மடியில இருக்குற பொட்டி வரைக்கும் கடைசி நூறடி இருக்கே, அதைக் கடக்க இந்த மாதிரி நகம் அளவு சாமான்தான் வேணும். கண்மாயில தண்ணி நிறைஞ்சு கிடக்கு, மடை திறக்குற சாவி இங்கிலீஷ்ல இருக்கு.

எல்லாத்தையும் தமிழ்ல அச்சடிச்சா விலை ஏறும்பாங்க. 450 ரூபாய்ச் சாமானுக்கு அரைத்தாள் எவ்வளவு ஆகும்? நூறு ரூபாய் மருந்துப் பாட்டில்காரன் போடுறானே. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்னும் சொல்வாங்க. போன்ல விரல் ஓடுறது வேற, ஒரு மிஷின் ஏன் ஓடலைன்னு கண்டுபிடிக்கிறது வேற. டிராக்டர் ஓட்டுற எல்லாரும் மெக்கானிக் இல்லை.

"போதாதா"ங்கிற அந்தக் கேள்விக்கு வர்றேன். இதை நான் முதல் தடவை கேக்கலை. 1991ல எனக்கு இருபது வயசு. எங்க மாவட்டத்துல அறிவொளி இயக்கம் நடந்துச்சு. ஷீலா ராணி சுங்கத் ஆட்சியரா இருந்த காலம். நானும் ஒரு தொண்டர். ராத்திரி அரிக்கேன் விளக்குல எழுத்து சொல்லிக்கொடுப்போம், சாயங்காலத்துல பொம்பளைகளுக்கு சைக்கிள். நடவு நட்டவங்க, குவாரியில கல்லு உடைச்சவங்க, அங்கன்வாடிக்காரங்க, எல்லாரும் புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டு ஏறுனாங்க. டீக்கடையில உக்காந்திருந்த ஆம்பளைங்க அப்ப என்ன கேட்டாங்க தெரியுமா? "பொம்பளைக்கு எதுக்கு சைக்கிளு? நடந்து போனா போதாதா?"

விழுந்து எந்திரிச்சுக் கத்துக்கிட்டாங்க. குடம் கட்டிக்கிட்டுப் போனாங்க, பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாங்க, சந்தைக்குத் தனியாப் போனாங்க. கேலி பேசுன வீட்டுலயே அடுத்த வருஷம் சைக்கிள் வாங்குனாங்க. அன்னைக்கு சைக்கிளைக் கொடுத்ததோட நிக்கலை, பின்னால பிடிச்சுக்கிட்டு ஓட ஆள் இருந்தாங்க. லேப்டாப்பைக் கொடுத்த அரசாங்கம் பின்னால பிடிச்சுக்கிட்டு ஓட ஆள் போடலை. அதான் கோளாறு. கொடுத்தது தப்பில்லை, வாங்குனவனும் தப்பில்லை.

நான் கேக்குறது பெரிசில்லை. டப்பா மேல உள்ள இருக்குற சில்லு பேரும் பதிப்பு நம்பரும் போடணும், உரமூட்டையில 18:46 போடுற மாதிரி. அரைத்தாள் தமிழ் வேணும். டிரைவரை டாங்கிளுக்குள்ளயே வச்சு விக்கிறாங்க, குத்துனதும் சின்ன சிடி டிரைவ் மாதிரி காட்டும், அதுல இருந்தே போட்டுக்கலாம். அந்த மாதிரிச் சாமானைக் கேட்டு வாங்குங்க. ஊருக்கு ஒரு நூலகத்துலயோ சேவை மையத்துலயோ சாயங்காலம் ரெண்டு மணி நேரம், அந்தக் கொத்து வேலைப் பையன் மாதிரி ஒருத்தனை, கூலி கொடுத்து உக்காரவைக்கட்டும். அவனுக்கும் முதுகு ஒருவேளை மிச்சம்.

நகரத்துல இருக்குற உங்ககிட்ட ஒண்ணு. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது பழைய துணி கொண்டுவர்ற மாதிரி பழைய லேப்டாப் கொண்டுவந்து கொடுக்குறீங்க. சந்தோஷம். கொடுக்கும்போது தேவையான டிரைவரை ஒரு பென்டிரைவ்ல போட்டுக் கூடவே கொடுங்க. அரை மணி நேரம் பக்கத்துல உக்காந்து, நெட் போயிட்டா என்ன பண்ணணும்னு அந்தப் பிள்ளை கையாலயே செய்யவச்சுட்டுப் போங்க. நீங்களே செஞ்சு காட்டாதீங்க, அதுக்குப் பேரு வித்தை காட்டுறது.

எங்க பங்காளி மகனுக்கு இந்தப் பதிவை அனுப்பியிருக்கேன். கோவிச்சுக்க மாட்டான். தீபாவளிக்கு வர்றப்ப அவன்தான் எங்க தெருவுல மூணு லேப்டாப்பைப் பாத்துத் தரணும்னு சொல்லியிருக்கேன். பரண்ல இருந்து இறக்கித் தூசி தட்டி வச்சாச்சு.

மும்முனைக் கரண்டு வந்துருச்சு, மோட்டார் போடப் போகணும். மத்தது பிறகு.